பதிமூன்று தௌ

மைக்ரோமீட்டரைத் துடைத்துக் கொடுப்பதுதான் பார்க்கிறவர்களுக்கு அவள் வேலை. அவள் புருஷன், பட்டறை மேஸ்திரி, இஞ்சின் சாமானை அளப்பார், குமிழைத் திருகி அளவு நகராமல் பூட்டுவார், "எண்ணெய்க் கை, தொடைச்சுக் குடு" என்று பின்பக்கமாக நீட்டுவார். அவள் பனியன் துணியால் துடைப்பாள். துடைக்கிற அந்த ஒரு மூச்சுக்குள் கோடுகளைப் படித்து, உதடு அசையாமல் எண்ணைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். மேஸ்திரி அதை வெளிச்சத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கி, அப்போதுதான் பார்ப்பவர் போல எண்ணை உரக்கச் சொல்வார். "எழுதுடி" என்பார். அவள் நோட்டில் எழுதுவாள்.

இரண்டு வருடமாக இப்படித்தான் நடந்தது. சர்க்கரை வியாதி அவர் கண்ணை நடுவிலிருந்து தின்றுகொண்டு வந்தது. ஆள் வருவது தெரியும், யாரென்பது குரலில்தான் தெரியும். படி தெரியும், படியில் கிடக்கும் ஸ்பானர் தெரியாது. கண் டாக்டர் வலது கண்ணைப் பற்றிப் பேசவேயில்லை. இடது கண்ணுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் வாயைக் கட்ட வேண்டும் என்றார். மேஸ்திரி வெளியே வந்து மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டு, அந்த டாக்டருக்குத்தான் பார்வை சரியில்லை என்றார். அத்தோடு சரி.

திட்டுவது அவரே கண்டுபிடித்த ஏற்பாடு. ஆரம்பத்தில் ஒரு லாரிக்காரர், வீட்டம்மா காதில் என்ன ஓதுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அன்று சாப்பிடும்போது மேஸ்திரி யோசனை சொன்னார். இனி ஆள் இருக்கும்போது உன்னை நாலு வார்த்தை திட்டுகிறேன், திட்டு வாங்குகிற பொம்பளையிடம் மேஸ்திரி அளவு கேட்கிறான் என்று எவனும் நினைக்க மாட்டான், சும்மா நடிப்புக்குத்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே. அவளும் சரி என்றாள். முதல் மாதம் ஆள் போனதும் "கோவமா?" என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டார். பிறகு ஆள் இல்லாதபோதும் திட்டினார். கண் போன இடத்தில் வாய் வளர்ந்தது. முன்பு ஒரு வால்வைப் பொருத்திவிட்டுத் தடவிப் பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் திருப்தி, இப்போது ஒரு நல்ல வசவு வாயில் வந்து விழும்போது வந்தது.

அவளுடைய இடது கை மோதிர விரலின் மேல்கணு போனது போன மழைக்காலத்தில். வால்வு தேய்க்கிற மெஷினின் பெல்ட் நழுவியிருந்தது. அவள் அதைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி சுவிட்சைப் போட்டார். பெல்ட்டின் மேல் அவள் கை இருந்தது அவருக்குத் தெரியவில்லை. துணி கிடக்கிறது என்று நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு அவர்தான் முந்திக்கொண்டு சொன்னார்: "கவனக்குறைவு சார். எங்க கைய வெக்கணும்னு இவளுக்குத் தெரியாது." அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நடந்ததைச் சொல்வதென்றால் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணைப் பற்றிச் சொன்னால் மேசை போய்விடும்.

மேசை போவது என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பட்டறையின் முன்பாதி கொழுந்தனுடையது. அங்கே அவன் புது வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றுகிறான், பிரேக் பார்க்கிறான், வண்டிக்கு வயரைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்து நோயைச் சொல்கிறான். பின்பாதியில் அண்ணனின் அளவு மேசை. தடித்த இரும்புப் பலகை, அதன்மேல் தண்டுகளைக் கிடத்துவதற்கு வி-பிளாக் இரண்டு, டயல் கேஜ், மைக்ரோமீட்டர் பெட்டி. மேசைக்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் இரண்டு அறை. அண்ணன் மேசையை விட்டு இறங்குகிற அன்றைக்கு மேசை, கதவு, அறை எல்லாவற்றையும் இடித்து வண்டி கழுவும் மேடை கட்டுவதென்று கொழுந்தன் படமே போட்டு வைத்திருக்கிறான். அதற்கப்புறம் அவர்கள் இருவருக்கும் மாடியில் ஓர் அறை. கொழுந்தன் பெண்டாட்டியின் சமையலறை வழியாகத்தான் அதற்குப் போக முடியும். "ஒங்களுக்கு என்னக்கா, கூப்பிட்ட குரலுக்குக் கீழ எறங்கி வந்துரலாம்" என்று ஓரகத்தி இப்போதே சொல்லி வைத்திருந்தாள். யார் கூப்பிடுவார்கள், எதற்கு என்பதைச் சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் வக்கீலின் கார் வந்தது.

அது அவருடைய அப்பா காலத்து வண்டி. பாசிப்பச்சை நிறம். முகப்பு விளக்குகள் இரண்டும் தூக்கம் கெட்டவன் கண் மாதிரிப் பிதுங்கியிருந்தன. நான்கு சிலிண்டர் இஞ்சின், ஒரு காலத்தில் புகைந்து, பிறகு நின்றேவிட்டது. ஆறு வாரத்தில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று இருந்தது. அதில் வண்டி தன் காலால் ஓட வேண்டும் என்றார் வக்கீல். அவர்கள் சங்கத்தில் முப்பது வண்டிகளுக்கு மேல் இருந்தன. எல்லாருமே கை தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இது ஓடினால் அத்தனையும் இங்கேதான் வரும் என்றும் சொன்னார். மேஸ்திரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பாதியில் கொழுந்தன் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பது வண்டி வந்தால் மேடை பத்து வருடத்துக்குக் கிடையாது.

பிரித்ததில் பாதிக்கு மேல் அவள் வேலை. போல்ட்டைத் தளர்த்துவது அவர், எங்கே என்ன இருந்தது என்று அட்டையில் குறிப்பது அவள். மண்ணெண்ணெய்த் தொட்டியில் ஒவ்வொரு சாமானாகப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். விரல் போன இடத்தில் மண்ணெண்ணெய் பட்டால் இன்னமும் சுரீரென்றது. கருப்புக் கசடு கரைந்து கரைந்து அடியில் இரும்பு தெரிந்தது. ஈரக்காற்றில் கழுவிய இரும்பு அரைமணியில் செம்பழுப்பு பூசிக்கொள்ளும். அதனால் கழுவியதை உடனே துடைத்து எண்ணெய் தடவினாள். வால்வைத் தூக்கிவிடும் டேப்பட்டுகள் எட்டையும் முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக, ஒன்றிலிருந்து எட்டுவரை எண் எழுதி வைத்தாள். கேம்ஷாஃப்ட்டின் எந்த மூக்கில் ஓடிய டேப்பட்டோ அந்த மூக்கோடுதான் ஓடும். மாற்றி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

கடைசியாகக் கேம்ஷாஃப்ட் வந்தது. ஒரு முழத்தைவிடச் சற்று நீளமான தண்டு. அதில் முட்டை வடிவத்தில் எட்டுப் புடைப்புகள். புடைப்பின் கூரான பக்கத்துக்குப் பெயர் மூக்கு. தண்டு சுற்றும்போது மூக்கு டேப்பட்டைத் தூக்கும், அது ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி மேலே ராக்கரை ஆட்டும், வால்வு திறக்கும். இந்த இஞ்சினில் எட்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு தௌ. தலைமுடி ஒன்று மூன்று தௌ கனம் இருக்கும். மூன்று நான்கு தௌ தேய்ந்திருந்தால் மேஸ்திரி மன்னிப்பார், அதற்குமேல் மன்னிக்க மாட்டார். ஏனென்றால் மூக்கில் தோல் மட்டும்தான் கெட்டி. தோல் போய்விட்டால் உள்ளே இருப்பது மெத்து இரும்பு, புது வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் சோப்பு மாதிரிக் கரையும்.

புதுக் கேம்ஷாஃப்ட் இந்த வண்டிக்கு இப்போது எங்கும் கிடையாது. வெளியூருக்கு அனுப்பி மூக்கில் இரும்பு ஏற்றிக் கடைந்து வாங்கலாம், மூன்று மாதம் ஆகும். அணிவகுப்புக்கு ஆறு வாரம்கூட இல்லை. ஆகவே அளக்கிற அன்றைக்கு வக்கீல் நேரில் வந்து நின்றார். நல்ல சேதி சொல்லுங்கள் மேஸ்திரி என்றார், டாக்டரிடம் சொல்வது போல.

அன்று மழை தகரக் கூரையைப் போட்டு அடித்தது. பகல் பதினோரு மணிக்கே விளக்கு எரிந்தது. மேஸ்திரி தண்டை வி-பிளாக்கின் மேல் கிடத்தி ஒருமுறை சுற்றிவிட்டார். சுற்றுவதில் அவர் கை இன்னமும் பழைய கைதான். முதல் மூக்கில் மைக்ரோமீட்டரைப் பிடித்து, இறுக்கம் போதும் என்று ராட்செட் மூன்று தடவை கிட், கிட், கிட் என்றதும் பூட்டி, பின்னால் நீட்டினார். அவள் துடைத்தாள். "எம்பத்திரெண்டு" என்றாள். முழு அங்குலத்தை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொல்வதுதான் அவர்கள் வழக்கம். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மைக்ரோமீட்டரை உயர்த்திப் பிடித்தபடி வெறுமனே நின்றார். அவள் வேறு வழியில்லாமல் காதருகே குனிந்து இன்னொரு தடவை சொன்னாள்.

"ஒண்ணு, எம்பத்திரெண்டு. எழுதுடி."

இரண்டாவது எண்பத்தொன்று. மூன்றாவது எண்பத்திரண்டு. நான்காவது எண்பது. ஒவ்வொன்றுக்கும் அவள் குனிந்தாள். ஐந்தாவதுக்குக் குனிந்து எண்பத்தொன்று என்று சொல்லிவிட்டு நிமிரும்போது வக்கீல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சிக் கூண்டில் நிற்கிறவரைப் பார்க்கிற பார்வை.

"என்ன மேஸ்திரி," என்றார், "அம்மாதான் அளவு சொல்றாங்களா?"

முன்பாதியில் கொழுந்தனின் ஸ்பானர் சத்தம் நின்றது.

மேஸ்திரி சிரித்தார். பெரிய சிரிப்பு, மழையைத் தாண்டிக் கேட்டது. "யாரு, இவளா? சார், இவ கையப் பாருங்க. காட்டுடி கைய." அவள் காட்டவில்லை. அவரே அவள் இடது மணிக்கட்டைத் தேடிப் பிடித்து விளக்குக்குக் கீழே தூக்கினார். "ஒம்பதர வெரல் சார் இவளுக்கு. எப்படி எண்ணுனாலும் அரை கொறையும். இவகிட்ட அளவு கேட்டா ஒங்க வண்டி மூணு சக்கரத்துலதான் போகும்."

வக்கீல் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான், சிரித்தபிறகு பாவம் என்றும் சொன்னார். எப்படி ஆச்சும்மா என்று கேட்டார்.

"சும்மா இருக்குற பெல்ட்டப் போயிக் கொஞ்சுனா சார்," என்றார் மேஸ்திரி. "நான் வேண்டாம்னு சொன்னாக் கேட்டாத்தானே? மிச்சம் ஒம்பதரையாவது இருக்கட்டும்னு இப்ப தொடைக்கிற வேலை மட்டும் குடுத்திருக்கேன்."

மணிக்கட்டை விட்டார். ஆறாவது மூக்கில் மைக்ரோமீட்டரைப் பிடித்தார். கிட், கிட், கிட். பூட்டினார். நீட்டினார்.

அவள் துடைத்தாள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அறுபத்தொன்பது. முதல் மூக்கைவிடப் பதிமூன்று தௌ குறைவு. இந்தத் தண்டு செத்தது. சொன்னால் வக்கீல் முகம் சுருங்கும், மூன்று மாதம் காத்திருப்பார் அல்லது காத்திருக்க மாட்டார், ஆனால் மேஸ்திரியின் சொல்லுக்கு மதிப்பு ஏறும். நேர்மையான ஆள், கெட்டதைக் கெட்டது என்று சொன்னார் என்று சங்கம் முழுக்கப் பரவும். இதெல்லாம் அவளுக்கு ஒரு கணத்தில் தெரிந்தது. அவள் குனிந்தாள்.

"எம்பத்திரெண்டு," என்றாள்.

"ஆறு, எம்பத்திரெண்டு!" என்றார் மேஸ்திரி. "எழுதுனியா, இல்ல தூங்கிட்டியா?"

அவள் எழுதினாள். வாய் ஒன்றைச் சொன்னது, கை கண்டதை எழுதியது. பொய்யான எண்ணை எழுத அவள் கைக்குப் பழக்கமில்லை. 6 – 69. எப்படியும் அந்த நோட்டை அவர் படிக்கப் போவதில்லை.

ஏழும் எட்டும் சரியாக இருந்தன. மேஸ்திரி தண்டைச் சுற்றிக்கொண்டே எட்டு மூக்கையும் கட்டைவிரல் நகத்தால் வருடினார். குழி இருந்தால் நகம் தட்டும். ஆறாவதில் நகம் நின்றது. திரும்பவும் வருடினார்.

"இது என்னமோ வழவழன்னு இருக்கே," என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. அவளுக்குக் கேட்கட்டும் என்று சொன்னது. "இன்னொருக்கா பாத்துர்றேன்."

திரும்ப அளந்தார். திரும்ப நீட்டினார். அவள் துடைத்தாள், குனிந்தாள்.

"அதேதாங்க. எம்பத்திரெண்டு."

நகம் ஒன்று சொன்னது, எண் ஒன்று சொன்னது. மேஸ்திரி வாழ்நாள் முழுக்க எண்ணின் பக்கம் நின்றவர். நகத்தை நம்பி வேலை செய்கிறவர்களைத் தகர டப்பா தட்டுகிறவர்கள் என்று கேலி செய்தவர். தண்டைத் தட்டிக் கொடுத்தார். "எட்டும் சமம் சார். ஒங்கப்பா நல்லா வெச்சிருந்திருக்காரு. டேப்பட் முகத்த மட்டும் தேச்சுப் புதுசு பண்ணிப் போட்டுடுவோம். ஸ்பிரிங் புதுசு. இன்னும் முப்பது வருசம் ஓடும்."

வக்கீல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எண்ணெய்க் கை என்று பார்க்கவில்லை.

அதற்கப்புறம் இஞ்சினை ஓட்டிப் பார்க்க நான்கு வாரம் இருந்தது. நான்கு வாரம் என்றால் சொல்வதற்கு எவ்வளவோ நேரம். இஞ்சின் பிளாக் கடைசலுக்குப் போய் வந்தது. பிஸ்டன் வந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. அவள் காலையில் ரொட்டியும் முட்டையும் செய்தாள், அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ வைத்தாள், அவர் அவள் முதுகு திரும்பியதும் டப்பாவைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார். அதையும் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று ஒருநாள் தோன்றியது. அன்று அவர் கேம்ஷாஃப்ட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். தாங்கியில் தண்டு உரசாமல் நேராக இறங்க வேண்டும். அவள் மறுமுனையைப் பிடித்திருந்தாள். மூக்குகளில் கருப்புப் பசை தடவி, ஒவ்வொன்றாக உள்ளே போவதைக் கையாலேயே எண்ணி, ஒரு சத்தமில்லாமல் இறக்கினார். கண் இருக்கிற எவனாலும் அப்படி முடியாது. ஒரு நொடி அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது.

"என்னங்க."

"என்ன? வெரலு உள்ள போயிருச்சா?" என்றார். ஆள் யாரும் இல்லை. பட்டறையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

இஞ்சினை ஓட்டிப் பார்க்கிற அன்று வெயில் அடித்தது. வக்கீல் சங்கத்து ஆட்கள் மூன்று பேரைக் கூட்டி வந்திருந்தார். கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றான். புதிதாகக் கட்டிய இஞ்சினை முதல் இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடக் கூடாது. வேகமாகச் சுற்றினால்தான் எண்ணெய் தெறித்து மூக்குகளில் விழும், மூக்கும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகும். இருபது நிமிடம் ஒரே வேகம், நடுவில் நிறுத்தக் கூடாது. மேஸ்திரி இதை வந்தவர்களுக்கு விளக்கினார். கல்யாணமான புதுசில் பேசிப் பழகாமல் விட்டால் பிறகு ஜென்மத்துக்கும் ஒட்டாது என்று உதாரணமும் சொன்னார். சிரித்தார்கள்.

முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம். வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா நினைவு போலிருக்கிறது. ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டு ஆயிற்று. அவள் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றாள்.

பதினோராவது நிமிடத்தில் மேஸ்திரியின் தலை லேசாகச் சாய்ந்தது.

வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. ஒரு சின்ன டிக். பிறகு அடுத்தடுத்து. வால்வுக்கு மேலே ராக்கரில் இடைவெளி விழுகிற சத்தம். மூக்கு கரைந்தால்தான் அங்கே இடைவெளி விழும். நகம் நின்ற இடம் எது என்று நகத்துக்கு நினைவிருந்திருக்கும். அவர் சாவிக்குக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, கையை மடக்கிக்கொண்டார். நிறுத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டும். முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பதினைந்தாவது நிமிடத்தில் கொழுந்தனுக்குக் கேட்டது. பதினேழில் வக்கீலுக்கே கேட்டது. "அது பழகுற சத்தம் சார்," என்றார் மேஸ்திரி. இருபதாவது நிமிடம் முடியும்வரை ஓடவிட்டார். அதற்குள் இஞ்சின் மூன்று காலில் நொண்டியது.

மேல்மூடியைக் கழற்றியது கொழுந்தன்தான். யாரும் கேட்காமலேயே வந்து கழற்றினான். கையால் சுற்றிக் காட்டினான். ஏழு ராக்கர்கள் எழுந்து எழுந்து விழுந்தன. ஆறாவது, தூங்குகிறவன் தோள் மாதிரி லேசாக அசைந்ததோடு சரி. அடியில் எண்ணெயைத் திறந்துவிட்டபோது வெள்ளிப் பூச்சு கலந்த மாதிரி இரும்புத்தூள் மின்னிக்கொண்டு வந்தது. அந்தத் தூள் இப்போது எல்லாப் பேரிங்கிலும் இருக்கும். வண்டி இனி மொத்தமாகப் பிரிபட வேண்டும்.

வக்கீல் கத்தவில்லை. காகிதத்தோடு வாழ்கிறவர், காகிதத்தைக் கேட்டார். "அன்னிக்கு அளவெல்லாம் எழுதினாங்கல்ல, அந்த நோட்டு எங்க?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். கொழுந்தன் வாங்கி வாசித்தான். "ஒண்ணு எம்பத்திரெண்டு. ரெண்டு எம்பத்தொண்ணு. மூணு எம்பத்திரெண்டு. நாலு எம்பது. அஞ்சு எம்பத்தொண்ணு." நிறுத்தினான். அண்ணியைப் பார்த்தான். "ஆறு, அறுபத்தொம்பது."

மேஸ்திரியின் முகம் அவள் இருந்த பக்கமாகத் திரும்பியது. சரியாக அவளை நோக்கி இல்லை, அவளுக்கு ஒரு சாண் தள்ளி.

"ஆறாவதும் எம்பத்திரெண்டு, எட்டும் சமம்னு சொன்னீங்க," என்றார் வக்கீல். பிறகு அவளிடம், "இது ஒங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க."

"அவர் சொன்னதத்தான் எழுதினீங்களா?"

"அவர் சொல்றத எழுதுறதுதாங்க என் வேலை."

"அப்ப," என்றார் வக்கீல், "எனக்குக் கேக்க ஒண்ணு சொல்லிட்டு, நோட்டுல எழுத வேற ஒண்ணு சொல்லியிருக்கீங்க. தெரிஞ்சேதான் போட்டிருக்கீங்க மேஸ்திரி."

இவள் வேறு எண் சொன்னாள் என்று மேஸ்திரி சொல்லலாம். ஏன் இவள் சொல்ல வேண்டும், மைக்ரோமீட்டர் உங்கள் கையில்தானே இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். சங்கத்து ஆட்கள் மூன்று பேர், தம்பி, வக்கீல் எல்லாரும் அந்தக் கேள்வியோடு அவர் கண்ணைப் பார்ப்பார்கள்.

"தெரியும் சார்," என்றார் மேஸ்திரி. "பதிமூணு தௌதானே, சமாளிச்சுரும்னு விட்டேன். நீங்க அவசரப்பட்டீங்க."

வக்கீல் கொழுந்தன் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடினார். தவறு செய்கிறவனை மன்னித்துவிடலாம், திருடனை வீட்டுக்குள் விட முடியாது என்றார். சங்கத்து ஆட்களில் ஒருவர் காறித் துப்பிவிட்டு வெளியே போனார். கொழுந்தன் அன்றே இஞ்சினைப் பிரித்துப் போட்டான். மறுநாள் இழுவை வண்டி வந்து பச்சைக் காரையும், சாக்கில் கட்டிய இஞ்சின் சாமான்களையும் எடுத்துப் போனது. மறுபடி முட்டை அட்டையில் அடுக்கிய டேப்பட்டுகளை எண் மாறாமல் அவளே ஏற்றிவிட்டாள்.

அவர் அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் பேசினார்.

"எனக்கு என்னன்னு சொன்ன?"

"எம்பத்திரெண்டு."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது கூழாகிவிட்டது. "ஏன்டி?"

அவள் தட்டில் தண்ணீர் ஊற்றி எழுந்தாள். "ஒம்பதர வெரல்தானேங்க," என்றாள். "அரை கொறையும்னு நீங்கதான் சொன்னீங்க."

அடிக்கக் கையை ஓங்கினார். அவள் நகர்ந்துகொண்டாள். அவர் கை எங்கே இறங்குவதென்று தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது.

கொழுந்தன் இரண்டு நாள் கழித்துத் தொட்டியடியில் அவளிடம் வந்தான். மழைக்காலம் முடியட்டும், மேடை கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன், அதுவரை அண்ணன் உட்காரட்டும் என்றான். பிறகு போகாமல் நின்றான்.

"அண்ணனுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கு ஒரு வருசமாத் தெரியும் அண்ணி."

அவள் பிரஷ்ஷை வைத்தாள்.

"ராத்திரி நான் தனியா அளந்து பாப்பேன், நோட்டோட சேத்து. ஒரு தௌ மாறாது. நீங்க அளவு சொல்லிட்டிருந்த வரைக்கும் எனக்கென்னன்னு விட்டுட்டேன்." அவள் விரலைப் பார்த்தான். "ஆனா இது நான் நெனச்சே பாக்கல அண்ணி." அதில் பாராட்டு மாதிரி ஏதோ இருந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவருக்குத் தெரியுமா, ஒங்களுக்குத் தெரியும்னு?"

"நான் ஏன் சொல்றேன்? பொத்திக்கிட்டுப் போகட்டும்."

திருட்டுப் பட்டம் கட்டிக்கொண்டு அவர் காப்பாற்றிய கண் ரகசியம், மறைக்க வேண்டிய ஆளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று. அதை அவரிடம் சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். சொல்லவில்லை. அது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி தினமும் மேசையில் போய் உட்கார்ந்தார். வேலை வரவில்லை. மைக்ரோமீட்டரைப் பெட்டியிலிருந்து எடுப்பார், எண்ணெய் தடவுவார், வைப்பார். ஒருநாள் காலை பத்து மணிக்குக் கொழுந்தன் ஒரு கேம்ஷாஃப்ட்டைக் கொண்டு வந்து இரும்புப் பலகையில் கிடத்தினான். ஒரு கஸ்டமரோடது, தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்லு அண்ணே என்றான். அவள் பார்த்தாள். பின்சுவர் ஓரம் பழைய இரும்புக் குவியலில் இரண்டு வருடமாகக் கிடந்த தண்டு. அவளே கழுவி, அவளே எறிந்தது. கொழுந்தன் டீ டம்ளரோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், வேடிக்கை பார்க்க.

மேஸ்திரியின் தோள் அகன்றது. தண்டை வி-பிளாக்கில் கிடத்திச் சுற்றிவிட்டார். மைக்ரோமீட்டரைப் பிடித்தார். கிட், கிட், கிட். பூட்டினார். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு பின்னால் நீட்டினார்.

"எண்ணெய்க் கை. தொடைச்சுக் குடு."

அவள் வாங்கித் துடைத்தாள். கோடுகளைப் பார்த்தாள். குனியவில்லை. ஒன்றும் சொல்லாமல் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் காத்திருந்தார். மழை இல்லை. கூரையில் ஓர் அணில் ஓடுவதுகூடக் கேட்டது. கொழுந்தன் டீயை உறிஞ்சினான். மேஸ்திரி காதை அவள் பக்கம் சாய்த்து, இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவர் மைக்ரோமீட்டரை வெளிச்சத்துக்கு உயர்த்தினார். ஒரு கண்ணைச் சுருக்கினார். கோடுகள் இருந்த பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

"எழுபத்தாறு," என்றார், உரக்க. "எழுதுடி."

அவள் எழுதினாள்.

"என்ன எழுதுன?"

"நீங்க சொன்னத," என்றாள்.